பிரிட்டிஷ் கிராஃப்ட் பீரை எங்கே ருசி பார்ப்பது? வரவேற்பு, திருவிழா, டேப்ரூம், பப்

படிப்போ வேலையோ வியாபாரமோ, எதற்காகப் பிரிட்டனில் இருந்தாலும் ஒரு நாள் இப்படி ஓர் அழைப்பு வந்து சேரும்: பிரிட்டிஷ் கிராஃப்ட் பீர் சுவைப்பு வரவேற்பு, மாலை 6 முதல் 8.30 வரை, நுழைவு இலவசம். வர்த்தக சபை நடத்தும். மாநாட்டின் முதல் நாள் மாலை நடக்கும். பழைய மாணவர் சங்கமும் நடத்தும். அந்த மாலையை ஒரு நல்ல பப்பிலும் கழிக்கலாம். வாரக் கடைசி வரை பொறுத்தால் பீர் திருவிழா இருக்கும், ரயில் பாலத்து வளைவுகளுக்குள் இயங்கும் டேப்ரூம்கள் (பீர் ஆலைகளே தங்கள் பீரை ஊற்றிக் கொடுக்கும் இடங்கள்) இருக்கும், ப்ரூவரியையே, அதாவது பீர் ஆலையையே, சுற்றிக் காட்டும் பயணமும் இருக்கும். இதில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் பீர் உங்களுக்குப் புதிது, கையில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் பப்புக்குப் போங்கள். வரவேற்பை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிட்டுக் காசு கொடுத்துக் குடிக்கச் சொல்வதற்கு ஒரே காரணம் கேஸ்க்.

கேஸ்க் என்பது பீப்பாய். அதற்குள் போகும் பீர் வடிகட்டப்படாதது, பாஸ்ச்சரைஸ் செய்யப்படாதது. ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் பீப்பாய்க்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கும். பப்பின் நிலவறைக்கு வந்து இறங்கியதும் அதைப் படுக்கவைத்து அசையாமல் விடுவார்கள். மேலே இருக்கும் துளையில் காற்று புகக்கூடிய மெல்லிய மரத்தால் ஆன ஆப்பைச் செருகுவார்கள். அதன் வழியாக வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், சில சமயம் நுரை பொங்கி வழியும். பொங்கி அடங்கியதும் அதை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத கெட்டி ஆப்பை அடிப்பார்கள். ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து ஈஸ்ட் அடியில் படிந்து பீர் தெளியும். பிறகு 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், வெளியிலிருந்து வாயு எதுவும் சேர்க்காமல், கைப்பம்பால் இழுத்துக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றுவார்கள். கெக் என்ற மூடிய பீப்பாயில் வரும் பீருக்கு இத்தனை பாடு கிடையாது. குளிரவைத்து, வாயு அழுத்தத்தில் தள்ளினால் போதும்.

ஓட்டலின் மூன்றாவது மாடியில் இருக்கும் விழா அரங்குக்குப் பிற்பகலில் ஒரு கேஸ்க்கைத் தூக்கிக்கொண்டுவந்து மாலையில் திறக்க முடியாது. குலுங்கிய கேஸ்க் கலங்கித்தான் வரும். அதனால் வரவேற்புகளில் மேசைமேல் இருப்பவை பெரும்பாலும் கேன், பாட்டில், எப்போதாவது கெக். மற்ற நாடுகளிலும் நல்ல கெக் பீர் கிடைக்கிறது, நல்ல கேன் கிடைக்கிறது. கேஸ்க் பீர் அன்றாடக் குடியாக, ஊருக்கு ஊர் இன்னமும் புழங்குவது பிரிட்டனில்தான். அதைக் குடிக்காமல் பிரிட்டிஷ் பீரைப் பற்றி ஒரு கருத்துக்கு வருவது சரியாக இருக்காது.

ஆனாலும் வரவேற்பை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அங்கே மட்டும் கிடைக்கும் ஒன்று இருக்கிறது: பீரைக் காய்ச்சியவர் மேசைக்குப் பின்னால் நிற்பார். எந்த வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), எப்போது போட்டார்கள், தண்ணீரை எப்படித் திருத்தினார்கள் என்று கேட்டால் கண் மின்னப் பதில் சொல்வார். பாட்டிலிலேயே பல ஆண்டு முதிரவைத்த பார்லி வைன் என்ற வீரியமான பீர், 9, 10 சதவீத ஆல்கஹால் உள்ள இம்பீரியல் ஸ்டவுட் என்ற கறுப்பு பீர் போன்றவற்றை ஒரு வாய் மட்டும் ருசி பார்க்கவும் வரவேற்பு வசதியானது. பப்பில் அவற்றை முழுப் பாட்டிலாக வாங்கவேண்டி வரும்.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. நின்றபடி, பேசியபடி, ஒரு கையில் தட்டும் மறு கையில் கண்ணாடியுமாக நகர்ந்துகொண்டே இருப்போம். மேசைக்கு மேசை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு தடவைக்கு 100 மில்லி என்று வைத்து, சராசரி 6 சதவீதத்தில் எட்டு மேசை முடித்தால் 48 மில்லி தூய ஆல்கஹால் உள்ளே போயிருக்கும். பிரிட்டனில் 10 மில்லி ஒரு யூனிட். ஆக 4.8 யூனிட். 4 சதவீத பிட்டர் (பிரிட்டனின் வழக்கமான கசப்பு பீர்) இரண்டு பைன்ட் (ஒரு பைன்ட் 568 மில்லி) குடித்தால்கூட 4.5 யூனிட்தான். வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது அந்நாட்டு மருத்துவ அதிகாரிகள் 2016-ல் வெளியிட்ட அறிவுரை. சின்னக் கண்ணாடியில் குடிக்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஏறாது. மீதியைக் கொட்ட மேசையில் ஒரு வாளியோ குடுவையோ வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் கொட்டுங்கள். ஊற்றியவர் தவறாக நினைக்கமாட்டார், அவரும் அதைத்தான் செய்வார். வைன் மாதிரி துப்பிவிடுவது பீருக்கு அவ்வளவாகப் பொருந்தாது. ஹாப்ஸின் கசப்பு விழுங்கிய பிறகுதான் முழுதாகத் தெரியும் என்பதால் ஒரு சிறு மிடறாவது உள்ளே போகவேண்டும்.

இன்னொரு விஷயம், கிராஃப்ட் என்றால் சிறு ப்ரூவரியின் பீர் என்று பொதுவாக நினைப்போம், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிரிட்டிஷ் சட்டத்தில் வரையறை கிடையாது. லண்டன் கிராஃப்ட் அலையில் பெயரெடுத்த கேம்டன் டவுன் ப்ரூவரி 2015-லேயே பன்னாட்டு பீர் நிறுவனமான ஏபி இன்பெவ் கைக்குப் போய்விட்டது. இன்னொரு லண்டன் ப்ரூவரியான பீவர்டவுன் 2022-ல் முழுதாக ஹைனக்கன் என்ற பெரிய கம்பெனி வசம் ஆனது. சிறு ப்ரூவரி ஒன்றுக்குக் கைகொடுக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணமானால், மேசையில் இருப்பது யாருடைய பீர், உரிமையாளர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

திருவிழாவுக்கு வருவோம். காம்ரா என்ற அமைப்பு 1971-ல் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் கேஸ்க்கை ஒழித்துவிட்டு எல்லாவற்றையும் கெக் ஆக்கிக்கொண்டிருந்த காலத்தில், அதை எதிர்த்துக் குடிமக்களே கட்டிய இயக்கம் இது. 1977-ல் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் கிரேட் பிரிட்டிஷ் பீர் ஃபெஸ்டிவலை நடத்தினார்கள். பிறகு பல ஆண்டுகள் அது ஒலிம்பியா அரங்கில் நடந்தது, 2025-ல் பர்மிங்காமுக்குப் போனது. தேசியத் திருவிழாவைவிட ஊர்த் திருவிழாக்கள்தான் எனக்குப் பிடித்தவை. கேம்பிரிட்ஜில் 1974 முதல் நடக்கிறது. பீட்டர்பரோவில் ஆகஸ்ட் மாதம் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டு நடத்துவார்கள். ஊற்றித் தருகிறவர்கள் எல்லோரும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். நுழைந்ததும் கோடு போட்ட கண்ணாடி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு பைன்ட், அரை, முழு என்று அதில் அளவு குறித்திருக்கும். வரிசை வரிசையாகச் சட்டத்தில் கேஸ்க்குகள் படுத்திருக்கும், அவற்றின்மேல் குளிரூட்டும் உறை போர்த்தியிருக்கும்.

ஒரே கூரைக்கடியில் இத்தனை கேஸ்க்குகளை வேறெங்கும் பார்க்க முடியாது. மைல்ட் (கசப்பு குறைந்த பீர்), பழைய ஏல் போன்ற அருகிவரும் வகைகளைத் தேடுகிறவருக்கு இதுதான் இடம். ஆனால் அங்கே பெரும்பாலும் கைப்பம்பு இருக்காது, கேஸ்க்கின் குழாயிலிருந்தே நேராக ஊற்றுவார்கள். பப்பில் பம்பு இழுக்கும்போது எழும் அந்த மெல்லிய நுரைப் படலம் குழாயில் வராது. பீர் கொஞ்சம் தட்டையாக இருக்கும், வெயில் நாளில் சூடாகவும் இருக்கும். கடைசி நாள் மாலையில் போனால் பட்டியலில் இருப்பதில் பாதி தீர்ந்திருக்கும். போவதானால் முதல் நாளோ இரண்டாம் நாளோ, பகலிலேயே போய்விடுங்கள்.

கிராஃப்ட் பக்கம் சாய்ந்த திருவிழாக்களும் உண்டு. மான்செஸ்டரில் 2012-ல் தொடங்கிய இண்டி மேன் பீர் கான், 1906-ல் திறந்த விக்டோரியா பாத்ஸ் என்ற பழைய நீச்சல்குளக் கட்டடத்தில் நடந்து வந்தது. ஓடு பதித்த குளத்துக்குள் நின்றுகொண்டு பீர் குடிப்பது தனி அனுபவம். அங்கே கெக்தான் அரசன், புளிப்பு பீரும் கலங்கிய ஐபிஏவும் (இந்தியா பேல் ஏல் என்ற ஹாப்ஸ் மிகுந்த பீர்) ஏராளம். இளவட்டங்களுக்குப் பிடிக்கும்.

லண்டனில் டேப்ரூம் என்றால் பெர்மண்ட்ஸி. ரயில் தண்டவாளத்தைத் தாங்கும் செங்கல் வளைவுகளுக்குள் அடுத்தடுத்து ப்ரூவரிகள். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டது 2009-ல் தொடங்கிய கெர்னல். சீஸ் வியாபாரத்திலிருந்து வந்த ஒருவர் ஆரம்பித்தது, பழுப்புக் காகித லேபிளை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். பழைய லண்டன் கறுப்பு பீர்களான போர்ட்டர், ஸ்டவுட் செய்முறைகளைத் தேடியெடுத்து மறுபடி காய்ச்சினார்கள். 3 சதவீதத்தையொட்டிய அவர்களுடைய டேபிள் பீர், ஆல்கஹால் குறைந்தால் ருசி குறையும் என்ற நம்பிக்கையை உடைத்தது. அதே பகுதியில் ஸ்மால் பீர் என்ற ப்ரூவரி 3 சதவீதத்துக்கும் கீழே மட்டுமே காய்ச்சுகிறது. பீர் ருசி வேண்டும், போதை வேண்டாம் என்கிறவர்கள் நேராக அங்கே போகலாம்.

சனிக்கிழமை மட்டும் பெர்மண்ட்ஸியைத் தவிர்க்கச் சொல்வேன். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் கூட்டங்கள் ஒரு வளைவிலிருந்து அடுத்த வளைவுக்கு ஊர்வலம் போகும், கழிப்பறை வாசலிலும் வரிசை நிற்கும். எல்லா இடத்திலும் ஒன்று குடித்தே தீரவேண்டும் என்ற வேகத்தில் நாக்கு மரத்துப்போகும். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு வளைவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ப்ரூவரிச் சுற்றுலாவுக்கு லண்டனில் முதலில் நினைவுக்கு வருவது சிஸ்விக்கில் இருக்கும் ஃபுல்லர்ஸின் கிரிஃபின் ப்ரூவரி. ஃபுல்லர், ஸ்மித், டர்னர் கூட்டு 1845-ல் உருவானது. பீர் தொழிலை மட்டும் 2019-ல் ஜப்பானின் அசாஹிக்கு 25 கோடி பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள், பப்கள் இன்னும் பழைய கம்பெனியிடமே இருக்கின்றன. பீர் எப்படி உருவாகிறது என்று தெரியாதவருக்கு, குறிப்பாகக் குடிக்காத துணையோடு போகிறவருக்கு, இது நல்ல பகல் பொழுது. ருசி பார்ப்பது கடைசியில் வரும் சிறு பகுதிதான், அதிலும் ஒரே ப்ரூவரியின் பீர். ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லை.

இனி பப். நல்ல பப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்கு போதும். பப்களுக்கு வரும் சாதாரண கேஸ்க்கின் பெயர் ஃபர்கின், 9 காலன், அதாவது 72 பைன்ட். திறந்தபின் பீர் எடுக்க எடுக்க உள்ளே காற்று புகும், மூன்று நாளுக்குள் தீர்ந்துவிடவேண்டும். தாண்டினால் ஆப்பிள் வாடை, பிறகு வினிகர் புளிப்பு. அப்படியானால் பன்னிரண்டு கைப்பம்பும் பத்து வாடிக்கையாளர்களும் இருக்கும் பப்பில் என்ன கிடைக்கும் என்று யோசியுங்கள். மூன்று பம்பு மட்டும் வைத்துக்கொண்டு மாலையில் இடம் கிடைக்காமல் நிற்கும் பப்பில்தான் கேஸ்க் புதிதாக இருக்கும். கூட்டமே தரச்சான்று. வாசலில் கேஸ்க் மார்க் தகடு இருந்தால் வெப்பநிலை, தெளிவு, மணம், ருசி ஆகியவற்றை வெளியாள் வந்து சோதித்திருக்கிறார் என்று அர்த்தம். காம்ரா 1974 முதல் வெளியிடும் குட் பீர் கைடில் இடம்பெற்ற பப் என்றால் இன்னும் உறுதி.

லண்டனில் இரண்டைச் சொல்கிறேன். சேரிங் கிராஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தி ஹார்ப். காம்ராவின் தேசிய அளவில் சிறந்த பப் விருதை லண்டனில் முதலில் வாங்கியது அதுதான். நீளமான ஒடுக்கமான அறை, சுவரெல்லாம் உருவப்படங்கள், பம்பு ஓயாமல் இழுபட்டுக்கொண்டிருக்கும். இன்னொன்று பரோவில் டபார்ட் தெருவின் ராயல் ஓக். சஸெக்ஸ் மாவட்டம் லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் ப்ரூவரிக்குச் சொந்தமானது. அங்கே சஸெக்ஸ் பெஸ்ட் பிட்டர் கேளுங்கள், 4 சதவீதம்தான். 1957-ல் யார்க்ஷயரிலிருந்து கொண்டுவந்த ஈஸ்ட்டையே இன்றுவரை தொடர்ந்து பயன்படுத்துகிறார்கள். முதல் வாயில் பிஸ்கட் மாதிரி மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தெரியும், பின்னால் ஆங்கிலேய ஹாப்ஸுக்கே உரிய மண்வாசனையும் காய்ந்த இலை மணமும் எழும், விழுங்கியபின் வறட்சியான கசப்பு நாக்கின் ஓரங்களில் நின்று அடுத்த வாய்க்கு இழுக்கும். பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தால் இதில் பாதி தெரியாமல் போயிருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் வெதுவெதுப்பான பீர் குடிக்கிறார்கள் என்ற பேச்சு நிலவறைக் குளிர்ச்சியை அறியாதவர்கள் பரப்பியது.

பப் பழக்கம் தெரியாதவர்கள் கவனிக்கவேண்டியவை கொஞ்சம்தான். மேசைக்கு வந்து கேட்கமாட்டார்கள், கவுண்டருக்குப் போய் முறை வரும்வரை நிற்கவேண்டும். எதை வாங்குவது என்று தெரியவில்லையா, ஒரு வாய் ருசி பார்க்கலாமா என்று கேட்டால் சின்னக் கண்ணாடியில் இலவசமாகத் தருவார்கள், அது அங்கே வழக்கம். மூன்றில் ஒரு பைன்ட் சட்டப்படியான அளவுதான், 189 மில்லி. மூன்று வகை வாங்கினாலும் மொத்தம் ஒரு பைன்ட், 568 மில்லி. பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாக ஒப்பிடலாம். லேசானதில் தொடங்கி அடர்த்தியானதில் முடியுங்கள், கசப்பு குறைந்தது முதலில், ஸ்டவுட் கடைசியில். புளித்த வாடை வந்தால் அமைதியாகத் திருப்பிக் கொடுங்கள், நல்ல பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். புதன் அல்லது வியாழன் மாலை 4 மணிவாக்கில் போனால் ஊற்றுகிறவருக்குப் பேச நேரம் இருக்கும், வரவேற்பில் கிடைக்கும் விளக்கத்தில் முக்கால்வாசி அங்கேயே கிடைத்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். கேஸ்க் பீர் சீக்கிரம் தெளிவதற்காக ஐசின்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் போய்விடும் என்றாலும் பலருக்கு மனம் ஒப்பாது. இந்த ஒரு விஷயத்தில் கேஸ்க்கைவிடக் கேனும் கெக்கும் மேல், வீகன் என்றால் பல கேன்களில் லேபிளிலேயே போட்டிருக்கும். பிரிஸ்டலின் மூர் ப்ரூவரி போன்ற சிலர் ஐசின்கிளாஸ் சேர்க்காமலே கேஸ்க் அனுப்புகிறார்கள், கொஞ்சம் கலங்கலாக இருக்கும், ருசிக்குக் குறைவில்லை. சுத்த சைவம், வேறு எதிலும் சமரசம் இல்லை என்பவர்களுக்கு என் வரிசை மாறுகிறது: வரவேற்பும் டேப்ரூமும் முதலில்.

வரவேற்புக்குப் போகும் தமிழர்களிடம் ஐபிஏ கதையை எப்படியும் யாராவது எடுப்பார்கள், இந்தியாவுக்காகவே கண்டுபிடித்த பீர் என்று. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் புறப்பட்ட துறைக்குப் பக்கத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ‘போ’ ப்ரூவரி இருந்தது. கப்பல் கேப்டன்களுக்குக் கடனில் கொடுத்தார், அது கல்கத்தா, சென்னை, பம்பாய்க் கம்பெனி அதிகாரிகளிடம் விலைபோனது. 1820-களில் பர்ட்டன் ஊர் ப்ரூவரிக்காரர்கள் அந்தச் சந்தையைக் கைப்பற்றினார்கள். ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீர் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது, சிப்பாய்களுக்கு ஏராளமாகப் போர்ட்டரும் கப்பலேறியது. அதனால் சென்னைக்கு வந்த பீர் எல்லாம் ஐபிஏ என்று நினைக்கவேண்டாம். இன்று கேனில் வரும் ஐபிஏவில் பெரும்பாலும் அமெரிக்க ஹாப்ஸ், மாம்பழ வாசனை தூக்கலாக இருக்கும். தார்ன்பிரிட்ஜ் ப்ரூவரி 2005-ல் கொண்டுவந்த ஜெய்ப்பூர் என்ற ஐபிஏ, 5.9 சதவீதம், பழையதற்கும் இந்தப் புதியதற்கும் நடுவில் நிற்கிறது. கேஸ்க்கிலும் கிடைக்கிறது, கிடைத்தால் விடாதீர்கள். காரமான சமோசாவோடு மட்டும் வேண்டாம், கசப்பு காரத்தை ஏற்றிவிடும். காரத்துக்கு மால்ட் இனிப்புள்ள பிரவுன் ஏலோ மைல்டோ பொருந்தும். இலங்கையின் 8.8 சதவீத லயன் ஸ்டவுட்டைக் குடித்து வளர்ந்த நாக்கு உள்ளவர்கள், வரவேற்பில் இம்பீரியல் ஸ்டவுட் மேசையைக் கேட்டுப் போங்கள். தெரிந்த ருசியின் மூதாதையைச் சந்திப்பீர்கள்.

எதற்குப் போனாலும் வண்டியை வீட்டில் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் வரம்பு, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. கண்ணாடி கண்ணாடியாகச் சுவைத்தபின் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது.

வேலைத் தொடர்புக்காக வரவேற்புக்குப் போயே ஆகவேண்டும் என்கிறவர்கள் அதே வாரத்தில் அதற்கு முந்தைய நாள் ஒரு பப்பில் மூன்று கேஸ்க் ருசி பார்த்துவிட்டுப் போங்கள். மேசைக்குப் பின்னால் நிற்பவரிடம், இந்த பீரைக் கேஸ்க்கிலும் அனுப்புகிறீர்களா, எந்தப் பப்பில் கிடைக்கும் என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லா ப்ரூவருக்கும் அப்படி ஒரு பப் இருக்கும், பெயரை எழுதிக்கூடக் கொடுப்பார்.